பெற்றோருடன் டோகோ வெந்நீரூற்று நகரில் சில நாள்: குளியலும் சுற்றியுள்ள கோயில்களும்

நீலக்குறிஞ்சி கேட்டது:

வணக்கம். நவம்பர் மாத இறுதியில் அம்மாவையும் அப்பாவையும் அழைத்துக்கொண்டு ஜப்பான் செல்லவிருக்கிறேன். கியோட்டோவும் ஹிரோஷிமாவும் முடிவாகிவிட்டன. அதற்குப் பிறகு, ஓடியோடிச் சுற்றாமல் ஒரு வெந்நீரூற்று நகரில் இரண்டு மூன்று நாள் நிதானமாகத் தங்க வேண்டும் என்பது அப்பாவின் விருப்பம். ஹக்கோனே, கினோசாக்கி, டோகோ ஆகிய மூன்றையும் பற்றிப் படித்துப் பார்த்தேன். ஹிரோஷிமாவிலிருந்து கடல்வழியாகவே போய்ச் சேரலாம் என்பதால், ஷிகோக்குத் தீவில் மட்சுயாமா நகரின் ஓரத்தில் இருக்கும் டோகோவின் பக்கம் மனம் சாய்கிறது. முன்பதிவு செய்வதற்கு முன் அங்கே போய்வந்தவர்களிடம் சிலவற்றைக் கேட்டுத் தெளிய விரும்புகிறேன்.

அப்பாவுக்குப் பழைய கட்டடங்களும் கோயில்களும் என்றால் உயிர். ஆனால் முழங்கால் வலி உண்டு, செங்குத்தான படிகள் ஆகாது. குளியலைத் தவிர அவர் பார்க்கத் தக்கவை டோகோவைச் சுற்றி நடக்கும் தொலைவில் உள்ளனவா? அம்மாவின் தயக்கம் வேறு. பொதுக் குளியலறையில் ஆடையின்றித்தான் இறங்க வேண்டும் என்று கேள்விப்பட்டதிலிருந்து, "நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் அறையிலேயே இருந்துகொள்கிறேன்" என்கிறார். அவ்வளவு தூரம் போய் அவரை மட்டும் அறையில் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. மூவரும் மரக்கறி உணவுக்காரர்கள். மீனும் முட்டையும் உண்பதில்லை. இதையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது டோகோ எங்களுக்குப் பொருந்துமா?

காலைப்பனி எழுதியது:

வணக்கம். தயங்காமல் டோகோவையே தேர்ந்தெடுங்கள். ஹக்கோனே பரந்து கிடக்கும் மலைப்பகுதி. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பேருந்து, மலை ரயில், ரோப்வே என்று மாறி மாறி ஏற வேண்டியிருக்கும். கினோசாக்கியில் ஏழு பொதுக் குளியலகங்களும் ஆற்றோரத் தெருவும் மிக அழகானவை என்றாலும், அங்கே குளியலே முதன்மை. டோகோவில் குளியலகமே ஒரு வரலாற்றுச் சின்னம். அதன் வாசலிலிருந்து புறப்பட்டு நடந்தே கோயில்களையும் அருங்காட்சியகத்தையும் பார்த்துத் திரும்பலாம். தங்கள் தந்தையாரைப் போன்றவருக்கு இதைவிடப் பொருத்தமான வெந்நீரூற்று நகரம் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் குளியலகத்தை அங்கே ஹோன்கான் என்கிறார்கள். மூன்று மாடி மரக் கட்டடம், 1894-இல் கட்டப்பட்டது. அப்போது டோகோ தனிச் சிற்றூராக இருந்தது. அதன் தலைவராக இருந்த இசானிவா யுகியா, பழைய குளியலகத்தை இடித்துவிட்டு வேறெங்கும் காண முடியாத ஒன்றைக் கட்ட வேண்டும் என்று முனைந்தபோது, செலவைக் கண்டு ஊரார் கடுமையாக எதிர்த்தனர். அவர் தம் ஊதியத்தைத் துறந்து அந்த வேலையை நடத்தி முடித்தார். கோட்டை கட்டும் தச்சர் மரபில் வந்த சாகாமோட்டோ மட்டஹச்சிரோ கட்டடப் பணிக்குத் தலைமை தாங்கினார். கூரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காக எழுவதைப் பார்த்தாலே கோட்டைத் தச்சரின் கை தெரியும். 1994-இல் அரசு இதை முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. 2019 சனவரியில் தொடங்கிய பெரும் புதுப்பிப்புப் பணி, குளியலை முழுதாக நிறுத்தாமலேயே நடந்து, 2024 சூலையில் கட்டடம் முழுமையாகத் திறக்கப்பட்டது. ஆகவே தாங்கள் போகும்போது சாரமும் திரையும் மறைக்காத ஹோன்கானைக் காண்பீர்கள்.

கட்டடத்தின் உச்சியில் சிவப்புக் கண்ணாடி பதித்த சிறு மாடம் ஒன்று உண்டு. அதன்மேல் ஒரு வெண்கொக்கின் உருவம் நிற்கும். காலில் அடிபட்ட கொக்கு ஒன்று பாறையிடுக்கில் ஊறிய வெந்நீரில் நாள்தோறும் காலை நனைத்துக் குணமடைந்து பறந்தது என்பதும், அதைப் பார்த்தே மக்கள் ஊற்றைக் கண்டுகொண்டார்கள் என்பதும் ஊர்க்கதை. அந்த மாடத்தில் காலை ஆறு மணிக்கும் நண்பகலிலும் மாலை ஆறு மணிக்கும் முரசு அறைவார்கள். காலை ஆறு மணி முரசோடுதான் கதவு திறக்கும். அந்நேரத்துக்கே உள்ளூர்ப் பெரியவர்கள் சிலர் துண்டும் சோப்புக் கூடையுமாக வாசலில் காத்திருப்பார்கள். தந்தையாரை ஒரு நாளாவது அந்த நேரத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பகலில் பயணிகள் கூட்டத்தில் காணாமல் போகும் கட்டடத்தின் அமைதி அப்போதுதான் புலப்படும். கீழ்த்தளத்தில் உள்ள "காமி நோ யு" என்ற குளியலுக்கு, முழுத் திறப்பின்போது பெரியவர்களுக்கு 700 யென் கட்டணம் வைத்தார்கள். கூடுதல் கட்டணம் செலுத்தினால் மாடிக் கூடத்தில் பாய்மீது அமர்ந்து இளைப்பாறலாம். யுகாத்தா என்ற மெல்லிய பருத்தி அங்கியும் தேநீரும் தருவார்கள். 1899-இல் அரச குடும்பத்துக்கென்று கட்டிய யூஷின்தென் பகுதியையும் பார்வையிடலாம். அதைத் தவறவிட வேண்டாம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: மாடிப்படிகள் குறுகலானவை, செங்குத்தானவை. முழங்கால் வலியுள்ளவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெதுவாக ஏறுவது நல்லது. கீழ்த்தளக் குளியலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இனித் தாயாரின் தயக்கத்துக்கு வருகிறேன். பொதுக் குளியலில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள்தாம். நீச்சலுடை அணிய இடமில்லை என்பதும் உண்மைதான். ஆனால் ஹோன்கானுக்கு அருகிலேயே 2017-இல் திறக்கப்பட்ட "அசுகா நோ யு" என்ற துணைக் குளியலகம் இருக்கிறது. அதன் மாடியில் உள்ள சிறப்புக் குளியலறைகள் யூஷின்தென்னை மாதிரியாகக் கொண்டு அமைக்கப்பட்டவை. குடும்பத்துக்கெனத் தனியாக எடுத்துக்கொள்ளலாம். அங்கே "யுச்சோ" என்ற பழங்காலக் குளியலாடையைக் கொடுக்கிறார்கள். உயர்குடியினர் முற்காலத்தில் குளிக்கும்போது உடுத்திய ஆடையின் மறு ஆக்கம் அது. அதை உடுத்திக்கொண்டே நீரில் இறங்கலாம். தாயாருக்கு இதைக் காட்டிலும் நல்ல ஏற்பாடு கிடைக்காது. அறைகள் மிகச் சிலவே இருப்பதால் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். தங்கும் விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போதும், அறையோடு இணைந்த குளியல் தொட்டியோ மணிக்கணக்கில் தனியாக எடுத்துக்கொள்ளும் குளியலறையோ உண்டா என்று கேளுங்கள். அத்தகைய விடுதிகள் அங்கே உள்ளன.

பொதுக் குளியலுக்குப் போகிறவர்கள், தொட்டியில் இறங்கும் முன் சிறு முக்காலியில் அமர்ந்து சோப்பிட்டு உடலை நன்றாகக் கழுவிவிட வேண்டும். நீண்ட கூந்தலை முடிந்துகொள்ள வேண்டும். சிறு துண்டை நீரில் நனைக்கக் கூடாது. மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வார்கள். டோகோவில் 20 முதல் 55 பாகை செல்சியஸ் வரை வெவ்வேறு சூட்டில் வரும் 18 ஊற்றுகளின் நீரைக் கலந்து, தனியே சூடாக்காமலும் குளிர்நீர் சேர்க்காமலும், ஏறத்தாழ 42 பாகைக்குக் கொண்டுவருகிறார்கள். பழகாதவர்களுக்கு அது நல்ல சூடு. பெற்றோரை முதல் முறை ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்க விடாதீர்கள். சட்டென்று எழுந்தால் தலைசுற்றும். இரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

தெற்குச்சாளரம் எழுதியது:

காலைப்பனி குளியலைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டதால், நான் சுற்றியுள்ள இடங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முழங்கால் வலியோடு பார்க்கத் தக்கவற்றில் முதலிடம் இஷிதெஜி கோயிலுக்குத்தான். ஹோன்கானிலிருந்து கிழக்கே இருபது நிமிட நடை. பெரும்பாலும் சமதளம், வாடகைக் காரில் சென்றால் சில நிமிடங்கள்தாம். ஷிகோக்குத் தீவைச் சுற்றி வரும் 88 கோயில் யாத்திரையில் இது 51-ஆவது. இதன் வாயில் 1318-இல் எழுப்பப்பட்டது. தேசியச் செல்வம் என்ற தகுதி பெற்றது. இருபுறமும் காவல் வீரர்களின் மரச் சிற்பங்கள் நிற்க, வாயிலில் யாத்திரிகர்கள் காணிக்கையாகத் தொங்கவிட்ட பெரிய வைக்கோல் செருப்புகளைக் காணலாம். கால் வலி நீங்க வேண்டி அவற்றைத் தொட்டு வணங்குவோர் உண்டு. வெள்ளாடையும் கோரைத் தொப்பியும் கைத்தடியுமாக வரும் யாத்திரிகர்கள், ஒவ்வொரு சன்னிதியிலும் நின்று சூத்திரம் ஓதிவிட்டுத் தங்கள் ஏட்டில் முத்திரை பெற்றுச் செல்வதை அங்கே ஒரு பெஞ்சில் அமர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அந்தக் கோயிலுக்கு ஒரு கதை இருக்கிறது. எமோன் சபுரோ என்ற செல்வந்தன், பிச்சைக்கு வந்த துறவியை விரட்டியடித்தான். அவன் பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக மாண்ட பிறகு, வந்தவர் இந்த யாத்திரைக்கு மூலவராகப் போற்றப்படும் பௌத்தத் துறவி கோபோ தைஷி என்று உணர்ந்து, மன்னிப்புக் கேட்பதற்காக அவரைத் தேடித் தீவைச் சுற்றினான். இருபது முறை சுற்றியும் காணாமல், இருபத்தோராவது முறை எதிர்த்திசையில் நடந்தபோது வழியில் விழுந்து சாகும் தறுவாயில்தான் அவரைக் கண்டான். பின்னர் இப்பகுதியை ஆண்ட கோனோ குடும்பத்தில் ஒரு குழந்தை மூடிய கையோடு பிறந்தது. கையைத் திறந்தபோது சபுரோவின் பெயர் எழுதிய கல் அதனுள் இருந்தது என்பார்கள். அந்தக் கல்லைக் கோயிலில் இன்றும் வைத்திருக்கிறார்கள். தந்தையாருக்கு இந்தக் கதையை முன்பே சொல்லி அழைத்துச் செல்லுங்கள். கதை தெரிந்து பார்க்கும்போது அந்தக் கோயில் வேறொன்றாகத் தெரியும்.

ஹோன்கானுக்குப் பின்னால் சற்று மேட்டில் ஹோகோன்ஜி கோயில் இருக்கிறது. நடனத்தோடு புத்தரின் பெயரை ஓதிக்கொண்டு நாடெங்கும் அலைந்த துறவி இப்பென் 1239-இல் பிறந்த இடம் அது. 2013-இல் ஏற்பட்ட தீயில் முதன்மை மண்டபமும், பல நூற்றாண்டுப் பழைமையான இப்பென் மரச் சிலையும் எரிந்துபோயின. 2016-இல் மண்டபத்தை மீண்டும் எழுப்பினார்கள். பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்று வழிகாட்டிகள் சிலர் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். தன் பெயரையும் பொருளையும் துறந்து நடந்த ஒருவரின் பிறப்பிடத்தில், ஊரார் கைகோத்துக் கட்டிய அந்தப் புதிய மண்டபத்தின் முன் சற்று நேரம் நிற்பது எனக்கு முக்கியமாகவே பட்டது.

ஜப்பானின் தொன்மையான ஷின்டோ சமயத்தைச் சேர்ந்த இசானிவா கோயில் 1667-இல் கட்டப்பட்டது. சிவப்பு வண்ணமும் செதுக்கு வேலைப்பாடும் கண்ணைப் பறிக்கும். ஆனால் முன்புறம் நேராக ஏறும் 135 கற்படிகள் உள்ளன. தங்கள் தந்தையார் அதில் ஏறக் கூடாது. கீழிருந்தே படிவரிசையைப் பார்த்துவிட்டுத் தெருவுக்குத் திரும்பிவிடலாம்.

டோகோ பூங்காவை ஒட்டி ஷிகி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. ஹைக்கூவுக்குப் புத்துயிர் கொடுத்த மசாவோகா ஷிகி 1867-இல் மட்சுயாமாவில் பிறந்தவர். காசநோயோடு போராடி 1902-இல் மறைந்தார். அவருடைய நண்பர் நட்சுமே சோசெகி 1895-இல் இந்நகரில் ஆசிரியராகப் பணியாற்றினார். அந்த அனுபவத்தைக் கொண்டு 1906-இல் எழுதிய "போச்சான்" நாவலால் டோகோவின் குளியல் நாடு முழுவதும் பெயர் பெற்றது. ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் ஹைக்கூ அஞ்சல் பெட்டிகளைப் பார்ப்பீர்கள். யார் வேண்டுமானாலும் ஒரு கவிதை எழுதிப் போடலாம். டிராம் நிலையத்துக்கு எதிரே உள்ள கடிகாரம் மணியடிக்கும்போது உயர்ந்து எழுந்து, நாவலின் பாத்திரங்கள் பொம்மைகளாக வெளிவரும். அருகிலேயே இலவசமாகக் கால் நனைக்கும் தொட்டி இருக்கிறது. தாயார் யாரைப் பற்றியும் கவலைப்படாமல் புடவையைச் சற்று உயர்த்திக்கொண்டு அங்கே கால் நனைத்து உட்காரலாம்.

நீலக்குறிஞ்சி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. குளியலாடை அணிந்தே இறங்கலாம் என்று படித்துக்காட்டியதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. அப்படியானால் தாமும் வருவதாக இப்போதே சொல்லிவிட்டார். மேலும் இரண்டு ஐயங்கள் உள்ளன. ஒரு பகல் மீதமிருந்தால் மட்சுயாமா கோட்டைக்குப் போவதா, உச்சிகோ என்ற பழைய ஊருக்குப் போவதா? உணவைப் பற்றியும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

வெயிலோன் எழுதியது:

உணவைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். பயணத்தின் கடினமான பகுதி அதுதான். ஜப்பானியச் சமையலில் தாஷி என்ற சாறுதான் அடிப்படை. அது பெரும்பாலும் உலர்த்திய கட்சுவோ மீனின் சீவல்களைக் கொண்டு எடுப்பது. உடோன் என்ற தடித்த நூடுல்ஸின் குழம்பு, புளித்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப், காய்கறிக் கூட்டு, சோமென் என்ற மெல்லிய நூடுல்ஸைத் தோய்க்கும் சாறு ஆகிய எல்லாவற்றிலும் அது இருக்கும். மீன் வேண்டாம் என்று சொன்னால் மீன் துண்டை மட்டும் எடுத்துவிட்டு, அதே சாற்றில் வெந்த காயைத் தருவார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை, அதை மீனாகவே அவர்கள் கருதுவதில்லை. ஆகவே "இறைச்சி, மீன், முட்டை, கட்சுவோ தாஷி எதுவும் கூடாது, கொம்பு என்ற கடற்பாசியிலும் ஷீத்தாக்கே காளானிலும் எடுத்த சாறு போதும்" என்று ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டை ஒன்றைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ரியோகான் என்ற ஜப்பானிய மரபு விடுதிகளில் இரவு உணவுதான் பெருமை. அதன் விலையும் அறை வாடகையில் அடங்கும். முன்பதிவுக்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு, பௌத்தத் துறவியர் உண்ணும் ஷோஜின் முறையில் சமைத்துத் தர இயலும் என்று எழுத்தில் உறுதி வந்தால் மட்டும் உணவோடு பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் உணவில்லாத அறையாகவே எடுத்துக்கொள்வது மேல். வெற்றுச் சோறு, தோஃபு, ஊறுகாய், பழம் ஆகியவை எங்கும் கிடைக்கும். தோஃபுவின்மேல் மீன் சீவல் தூவ வேண்டாம் என்று மட்டும் சொல்ல வேண்டும். கடைத்தெருவில் பொரித்து விற்கும் ஜகோதென் மீன் மாவில் செய்வது. மூன்று வண்ணப் போச்சான் தாங்கோ உருண்டைகளில் மஞ்சள் நிறத்துக்கு முட்டை சேர்ப்பது வழக்கம். டாருட்டோ என்ற சுருள் இனிப்பிலும் முட்டை உண்டு. மனம் குறைபட வேண்டாம். எஹிமே மாவட்டம் ஆரஞ்சு வகைகளுக்குப் பெயர் போனது. நவம்பர் இறுதி மிக்கான் பழத்தின் நல்ல பருவம். குளித்துவிட்டு வந்து ஒரு கோப்பை மிக்கான் சாறு குடித்துப் பாருங்கள்.

ஒற்றையடிப்பாதை எழுதியது:

கோட்டையா, உச்சிகோவா என்ற கேள்விக்கு என் விடை உச்சிகோதான். மாற்றுக் கருத்து உடையவர்கள் இருப்பார்கள். மட்சுயாமா கோட்டையைக் குறைத்துச் சொல்லவில்லை. 1602-இல் கட்டத் தொடங்கிய கோட்டை அது. இடி விழுந்து எரிந்த மையக் கோபுரத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மீண்டும் எழுப்பினார்கள். ஜப்பானில் எஞ்சியுள்ள பன்னிரண்டு பழைய மையக் கோபுரங்களில் ஒன்று. 132 மீட்டர் உயரக் குன்றின்மேல் நிற்பதால் உள்நாட்டுக் கடலும் தீவுகளும் ஒருங்கே தெரியும். ரோப்வே இருக்கிறது என்பதை நம்பி முழங்கால் வலிக்காரரை அழைத்துப் போகிறார்கள். ஆனால் ரோப்வே முடியும் இடத்திலிருந்து மேலும் சரிவுப் பாதையில் ஏற வேண்டும், கோபுரத்துக்குள்ளே இருப்பவை ஏறத்தாழ ஏணிகள். மேலே உள்ள திறந்தவெளி வரை போய்க் கடலைப் பார்த்துவிட்டு, கோபுரத்தில் ஏறாமல் திரும்புவதானால் அரைப்பகல் போதும். வந்து சேரும் நாள் மாலையிலேயே அதை முடித்துக்கொள்ளலாம்.

உச்சிகோ, மட்சுயாமாவிலிருந்து விரைவு ரயிலில் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். மெழுகு வணிகத்தால் செழித்த ஊர். யோகாய்ச்சி, கோகோகு தெருக்களில் வணிகர்களின் வீடுகள் மஞ்சள் கலந்த சுண்ணச் சுவர்களோடு இருபுறமும் வரிசையாக நிற்கின்றன. தெரு இலேசான ஏற்றம்தான். நின்று நின்று நடக்கலாம். அங்கே இன்றும் கையால் மெழுகுவர்த்தி செய்யும் பட்டறையைப் பார்க்க முடிகிறது. ஹாஜே மரத்தின் காயிலிருந்து எடுத்த மெழுகை உருக்கி, திரி செருகிய குச்சிகளை ஒரு கையால் உருட்டிக்கொண்டே, மறு கையின் உள்ளங்கையால் மெழுகை அள்ளித் தடவுகிறார்கள். ஒரு படலம் காய்ந்ததும் அடுத்தது. வர்த்தியைக் குறுக்கே வெட்டினால் மரத்தின் ஆண்டு வளையங்கள்போல் வட்டங்கள் தெரியும். அப்பா தூண்களையும் உத்தரங்களையும் நேசிப்பவர் என்றால், இந்தக் கைகளைப் பார்ப்பதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். 1916-இல் கட்டிய உச்சிகோசா என்ற மர நாடக அரங்கும் அவ்வூரில்தான் உள்ளது. அது திறந்திருக்கிறதா என்று புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹிரோஷிமாவிலிருந்து வருவது பற்றியும் ஒரு சொல். உஜினா துறைமுகத்திலிருந்து அதிவேகப் படகு ஏறத்தாழ எழுபது நிமிடத்தில் கொண்டுவந்து சேர்க்கும்; பெரிய பயணக் கப்பலுக்கு இரண்டேமுக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். அவசரம் இல்லையென்றால் கப்பலையே எடுங்கள். மேல்தளத்தில் நின்று தீவுகளைப் பார்த்துக்கொண்டே வரலாம், கட்டணமும் குறைவு. மட்சுயாமா துறைமுகத்திலிருந்து பேருந்தில் நகருக்குள் வந்து, டிராமில் ஏறினால் கடைசி நிறுத்தம் டோகோ. பெட்டிகள் பெரியனவாக இருந்தால் ஹிரோஷிமா விடுதியிலிருந்தே டோகோ விடுதிக்கு ஒரு நாள் முன்னதாக அனுப்பிவிடுங்கள். டிராமில் படியேறி இறங்கும்போது அப்பாவின் கையில் சுமை இருக்கக் கூடாது.